கன்னியப்பன் மாஸ்டரும் என் பெனால்டியும்

குன்றத்தூரில் பள்ளிகளுக்கிடையிலான ஒரு கால்பந்து ஆட்டத்துக்கு நான் ரெஃப்ரி. இடைவேளையில் சோடா குடித்துக்கொண்டிருந்தேன். லைன்ஸ்மேன் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். "கன்னியப்பன் மாஸ்டர் பூட்டாராம் சார். விடிகாலையில. பஸ்ல வந்தவங்க பேசிக்கினு இருந்தாங்க" என்றார். பாதி சோடாவைக் கீழே ஊற்றிவிட்டு இரண்டாம் பாதிக்கு விசில் ஊதினேன். வேறு என்ன செய்வது? அந்தப் பாதியில் யார் கோல் போட்டார்கள் என்பது என் நோட்டில் இருக்கிறது, தலையில் இல்லை.

மாஸ்டரைத் தெரிந்தவர்கள் இதைப் படிப்பீர்கள். அவரிடம் விளையாடியவர்கள், திட்டு வாங்கியவர்கள், அவர் டிராயர் பையிலிருந்து வேர்க்கடலை வாங்கித் தின்றவர்கள். நீங்கள் எழுதினால் என்னைவிட அன்பாக எழுதுவீர்கள். நான் அவருடைய மாணவன் இல்லை. நண்பன் என்று சொல்லிக்கொள்ளவும் வாய் வரவில்லை. அவர் பொறுப்பேற்ற கல்லூரியின் பையன்களிடம், அவர் வருவதற்கு முன்பே அடி வாங்கியவன் நான். எங்கள் பழக்கம் அதிலிருந்துதான் தொடங்கியது.

ஒரகடம் சாலையில் இருந்த அந்தச் சின்னக் கல்லூரிக்கு மைதானம் கிடையாது. பக்கத்து ஏரி வற்றியிருக்கும் மாதங்களில் ஏரிதான் மைதானம், கரைதான் கேலரி. எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மண்டல ஆட்டம். கடைசி நிமிஷத்தில் அவர்கள் போட்ட கோலை ஆஃப்சைடு என்று தள்ளினேன். சரியான தீர்ப்பு, இன்றைக்கும் சொல்வேன். கரையிலிருந்து ஜனம் இறங்கியது. பையன்கள் அவர்களையும் முந்திக்கொண்டார்கள். சட்டை போனது, மூக்குக்கண்ணாடி போனது, இடது முன்கை எலும்பு இரண்டாகப் போனது. கோல் போஸ்ட்டைப் பிடுங்கிக் கொளுத்தினார்களாம். அதைப் பார்க்க நான் அங்கே இல்லை, ஆஸ்பத்திரியில் இருந்தேன். மண்டலப் போட்டிக் கமிட்டி அந்தக் கல்லூரியை இரண்டு வருஷம் விலக்கி வைத்தது. அங்கே இருந்த பயிற்சியாளர் சொல்லாமல் கொள்ளாமல் ஊர் போய்ச் சேர்ந்தார்.

அந்த இடத்துக்குத்தான் கன்னியப்பன் மாஸ்டர் வந்தார். பட்டாளத்து டீமில் பின்வரிசைத் தடுப்பில், பேக் ஆடியவர். குள்ளம். கஞ்சி போட்ட காக்கி அரை டிராயர். வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார். பழைய டீமில் மிஞ்சியது நான்கு பையன்களும் காற்று நிற்காத ஒரு பந்தும். கல்லூரி முதல்வருக்கோ இந்தச் சனியனை இத்தோடு தலைமுழுகிவிட்டால் போதும் என்ற எண்ணம். மாஸ்டர் சைக்கிளை எடுத்துக்கொண்டு பிள்ளைப்பாக்கம், சேரப்பணஞ்சேரி என்று வீடு வீடாகப் போனார். மாலையில் கழனிக்கு ஓடும் பையன்களை அப்பன்களிடம் பேசி இழுத்து வந்தார். "பந்து ஒதச்சா நெல்லு வெளையுமா?" என்று கேட்டார் ஒரு பையனின் அப்பா. "வெளையாது நைனா. ஆனா உம் புள்ள தெருச் சண்டைக்குப் போவ மாட்டான். கால் வலிக்கும்" என்றாராம் மாஸ்டர். அந்தப் பையன்தான் ஏகாம்பரம். பின்னால் அந்த டீமின் பேக் அவன்தான்.

தடை முடியும் சமயத்தில் கமிட்டி ஒரு நிபந்தனை போட்டது. அதே ஏரியில், அதே ஜனத்துக்கு முன்னால் ஒரு ஆட்டம் ஆடிக் காட்ட வேண்டும். ரெஃப்ரியின் மேல் ஒரு கை பட்டாலும் சரி, ஒரு கல் விழுந்தாலும் சரி, கல்லூரியின் பெயரை நிரந்தரமாக அடித்துவிடுவார்கள். இதைச் சொல்ல மாஸ்டர் எதற்கு என் வீடு தேடி வந்திருக்கிறார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க தான் சார் வந்து ஊதணும்" என்றார்.

"ஊர்ல வேற ரெஃப்ரியே இல்லையா மாஸ்டர்?"

"வேற ஆளு வந்து ஊதி, சண்ட இல்லாம முடிஞ்சா எவன் சார் நம்புவான்? அடி வாங்கனவரு வந்து ஊதணும். ஊதிட்டு, தன் கால்ல நடந்து போயி பஸ் ஏறணும். அப்ப தான் இந்தப் பசங்க மேல கீற கறை போவும்."

உள்ளேயிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். "இன்னொரு கையும் ஒடிஞ்சா இவருக்கு யாரு சோறு ஊட்டறது? நீங்க வந்து ஊட்டுவீங்களா?" மாஸ்டர் எழுந்து நின்று, கொஞ்சமும் சிரிக்காமல், "ஊட்டறேம்மா" என்றார். வருகிறேன் என்றேன்.

ஆட்டத்துக்கு முன் ஒரு மாலை பையன்களை வந்து பார்க்கச் சொன்னார். போனேன். நடுவில் நின்று அவர் ஊதிய ஊதலில் எனக்குத் தலை சுற்றியது. நல்ல கோலை இல்லை என்றார். கோட்டுக்கு வெளியே போன பந்தை ஆடு என்றார். கீழே விழாதவனுக்கு ஃப்ரீ கிக் கொடுத்தார். ஒவ்வொரு விசிலுக்கும் பையன்கள் நின்ற இடத்திலேயே நின்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். முணுமுணுத்தவன் கரையோரமாக ஒரு சுற்று ஓடி வர வேண்டும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "ரெஃப்ரின்னா இப்படித்தான் ஊதுவான்னு சொல்லிக் குடுக்கிறீங்களா மாஸ்டர்?" என்று கேட்டேன்.

"நல்ல விசிலுக்கு எவன் வேணா அடங்குவான் சார். தப்பு விசிலுக்கு அடங்கறானே, அவனத் தான் நான் தேடிக்கினு கீறேன்" என்றார். ஆடி முடித்ததும் பையன்களை மண்ணில் உட்காரவைத்து, தான் ஊதியதில் எதெது தப்பு என்று விரல் விட்டுச் சொன்னார். அதைச் சொல்லாமல் ஒரு நாளும் அவர்களை வீட்டுக்கு அனுப்பியதில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

ஆட்டத்தன்று பிற்பகலே கரை நிரம்பிவிட்டது. காலை ஷிப்ட் முடிந்த தொழிலாளிகள் காக்கி உடையோடு அப்படியே வந்திருந்தார்கள். பழைய முகங்கள் சில எனக்கு அடையாளம் தெரிந்தன. ஒருவன் என்னைப் பார்த்துத் தன் இடது கையைத் தூக்கி ஆட்டிக் காட்டினான். மேஜை போட்டுக் கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். முந்தின நாள் தூறலில் தரை சேறாக இருந்தது. மாஸ்டரின் பையன்கள் நீலத்தில் நம்பர் எழுதிய வெள்ளை பனியனில் நின்றார்கள். எதிரே சென்னையிலிருந்து வந்த ஒரு கல்லூரி.

எண்பத்தைந்து நிமிஷம் எந்தப் பக்கமும் கோல் விழவில்லை. என் ஒவ்வொரு விசிலுக்கும் அந்தக் கைகள் பின்னால் போயின. கரையில் மட்டும் சத்தம் ஏறிக்கொண்டே வந்தது. அப்போது எதிரணி ஒரு பந்தை உயர அடித்தது. கோலுக்கு முன்னால் ஏகாம்பரம் எகிறினான். மேற்கே இறங்கிய வெயில் என் கண்ணில் நேராக அடித்தது. பந்து எங்கோ பட்டு அவன் காலடியில் விழுந்ததைத்தான் பார்த்தேன். விசில் ஊதிவிட்டேன். கையில் பட்டது, பெனால்டி.

ஏன் ஊதினேன் என்று பன்னிரண்டு வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். வெயில் ஒரு காரணம். ஆனால் உண்மையான காரணம் அது இல்லை. உள்ளூர் ஜனத்துக்குப் பயந்து ரெஃப்ரி வளைந்துவிட்டான் என்று யாரும் சொல்லக்கூடாது என்பதுதான் அன்று முழுவதும் என் பயமாக இருந்தது. அடிக்குப் பயப்படுகிறவன் பரவாயில்லை, பேச்சுக்குப் பயப்படுகிறவன்தான் ஆபத்தானவன்.

ஏகாம்பரம் திரும்பி நின்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். அப்போது அவன் இடது தோளில், வெள்ளை பனியனின் மேல், வட்டமாகப் பந்தின் சேறு ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். கையில் பொட்டுச் சேறு இல்லை. பந்தை உதைக்கும் முன்னால் ரெஃப்ரி தன் தீர்ப்பை மாற்றிக்கொள்ளலாம், விதியில் இடம் இருக்கிறது. விதி எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் கரையிலிருந்து ஜனம் இறங்க ஆரம்பித்திருந்தது. இப்போது மாற்றினால் பயந்து மாற்றினான் என்பார்கள். பந்தை எடுத்து நானே பெனால்டிப் புள்ளியில் வைத்தேன்.

மாஸ்டர் என்னிடம் வரவில்லை. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காலை இழுத்துக்கொண்டு நேராகக் கரைப்பக்கம் நடந்து, இறங்கி வந்த கூட்டத்துக்கு முன்னால் நின்றார். முதல் ஆளின் கையில் கல் இருந்தது.

"போட்றா. எம் மேல போடு" என்றார். கத்தவில்லை. "ரெண்டு வருசமா இந்தப் பசங்க கையக் கட்டிக்கினு நிக்கக் கத்துக்கினு கீறானுங்க. நீ ஒரு நிமிசத்துல அத அழிச்சிட்டுப் போவப் போறியா? அதோ நிக்கிறான் பாரு, அவனுக்கு வராத கோவம் உனக்கு இன்னாத்துக்கு வருது?"

கூட்டம் திரும்பி ஏகாம்பரத்தைப் பார்த்தது. நான் விசில் ஊதினேன். எதிரணிப் பையன் பெனால்டியை அடித்தான். கோல். மாஸ்டர் அதைப் பார்க்கவில்லை. அவர் முதுகு எங்கள் பக்கம் இருந்தது. கல் வைத்திருந்தவன் அதைத் தன் காலடியிலேயே போட்டான். மிச்சமிருந்த நிமிஷங்களில் வேறு கோல் விழவில்லை.

ஆட்டம் முடிந்ததும் மாஸ்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு, "ஏகாம்பரம், சாரைப் பஸ் ஏத்திட்டு வா" என்றார். பதினோரு பேரில் அவனைத்தான் அனுப்பினார். கூட்டம் வழிவிட, நானும் அவனும் கரை மேல் நடந்தோம். பஸ் நிறுத்தத்தில் வந்து நின்றோம். தூரத்தில் பஸ் தெரிந்த பிறகுதான் கேட்டான்.

"சார், பந்து எங்க பட்டுச்சு?"

"கையிலப்பா" என்றேன்.

"சரி சார்" என்றான். என் பையைப் படியில் ஏற்றி வைத்துவிட்டுத் திரும்பி நடந்தான். தோளில் அந்தச் சேறு காய்ந்து வெளுத்திருந்தது.

கமிட்டி கல்லூரியைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. அதற்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். மாஸ்டர் மூன்றே வருஷத்தில் அந்த டீமை மண்டலக் கோப்பை வாங்க வைத்தார். கல்லூரிக்குச் சொந்த மைதானம் வந்தது, தலைமுழுக நினைத்த முதல்வர் கோப்பையோடு போட்டோ எடுத்துக்கொண்டார். அவர்களுடைய ஆட்டங்கள் பலவற்றுக்கு நானே ரெஃப்ரியாகப் போனேன். மாஸ்டர் ஒவ்வொரு முறையும் டீ வாங்கிக் கொடுப்பார், வேர்க்கடலை கொடுப்பார், அந்தப் பெனால்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். ஊர் அப்படி இல்லை. ஏகாம்பரத்துக்குக் 'கை' என்று பெயர் வைத்துவிட்டது. படித்து முடித்துத் தொழிற்சாலையில் சேர்ந்தான். அங்கேயும் பெயர் கூடவே போயிற்று. அவன் கல்யாணத்தில் தாலி கட்டும்போது, "பாத்துடா, கை படுது" என்று எவனோ கத்த, பந்தலே சிரித்தது. நானும் அந்தப் பந்தலில் உட்கார்ந்திருந்தேன். நான் சிரிக்கவில்லை என்பதைத் தவிர எனக்குச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

போன வருஷம் மாஸ்டர் படுத்த படுக்கையாக இருந்தபோது பார்க்கப் போனேன். கால் வீங்கியிருந்தது. குரல் மட்டும் பழைய குரல். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "மாஸ்டர், அன்னிக்கு அந்தப் பெனால்டி..." என்று ஆரம்பித்தேன். கையைத் தூக்கி நிறுத்தினார்.

"எங்கிட்ட சொல்லி இன்னா சார் ஆவப்போவுது? பந்து பட்டது எனக்கா?"

அவ்வளவுதான். பிறகு என் மனைவியின் உடம்பைப் பற்றி விசாரித்தார். நான் வீட்டுக்கு வந்தேன். ஏகாம்பரத்தின் வீடு மாஸ்டர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். போகவில்லை. பொங்கலுக்குப் போகலாம், பிள்ளைகள் பரீட்சை முடியட்டும் என்று நாளைக் கடத்தினேன். வயசானால் மனிதனுக்குச் சாக்கு மட்டும் சுலபமாக வருகிறது.

அன்று குன்றத்தூர் ஆட்டத்தை முடித்துக்கொண்டு மாஸ்டரின் ஊருக்குப் பஸ் ஏறினேன். கல்லூரிப் பையன்களில் மூன்று தலைமுறை வந்திருந்தது. தூக்கியவர்களில் ஏகாம்பரமும் ஒருவன்; அந்த இடது தோளில்தான் பாடையைத் தாங்கினான். எல்லாம் முடிந்து பம்ப்செட் தொட்டியில் கால் கழுவும்போது அவன் பக்கத்தில் யாரும் இல்லை.

"ஏகாம்பரம், அன்னிக்குப் பந்து உன் தோள்லதான் பட்டுது. ஊதின உடனேயே எனக்குத் தெரியும்" என்றேன்.

அவன் துண்டைப் பிழிந்துகொண்டே இருந்தான். "எனக்குத் தெரியாதா சார்? என் தோளு தான?" என்றான். பிறகு, "மாஸ்டர் கிட்ட அன்னிக்கே சொன்னேன். 'சாருக்கும் தெரியும்டா. அவரா வருவாரு, நீயா போய் நிக்காத'ன்னாரு. ஒவ்வொரு தபா அவரப் பாக்கப் போவச்சொல்லயும் கேப்பாரு, 'சார் வந்தாரா'ன்னு. இல்ல மாஸ்டர்ம்பேன். 'வருவாரு'ம்பாரு."

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"அவரு உசிரோட இருக்கச்சொல்ல வந்திருக்கலாம் சார் நீங்க. இப்ப எங்கிட்ட மட்டும் சொன்னா போதுமா? ஊருக்கு யாரு சொல்றது?"

மாஸ்டர் உங்களில் பலருக்குப் பல நல்லவற்றை விட்டுப்போயிருப்பார். எனக்கு விட்டுப்போனது 'வருவாரு' என்ற அந்த ஒரு சொல். என்னைப் பற்றி யாரும் அவ்வளவு நம்பிக்கையாகப் பேசியதில்லை, நானும் யாரையும் அவ்வளவு நாள் காக்க வைத்ததில்லை. அவர் இனி கேட்கப்போவதில்லை. கேட்க வேண்டியவர்கள் பிள்ளைப்பாக்கத்திலும் சேரப்பணஞ்சேரியிலும், அவன் வேலை பார்க்கும் இடத்திலும் இருக்கிறீர்கள். அன்று ரெஃப்ரியாக இருந்தவன் எழுதுகிறேன். பந்து ஏகாம்பரத்தின் தோளில்தான் பட்டது. அது பெனால்டி இல்லை.