புல்லுக்குள் இறங்காத வீரன்

பழைய கணினி சூடேறும்போது எழும் தூசி கருகிய மணம்தான் எனக்கு அந்த ஆண்டின் மணம். தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பி, பெரியமடுவில் தகரக் கொட்டில் போட்டுக் குடியேறி, ஒருவழியாகக் கரண்டும் வந்த பிறகு, அண்ணன் மன்னாரிலிருந்து அதை பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தான். அதற்குள் ஒரேயொரு விளையாட்டு இருந்தது. இடிந்த நகரமொன்றில், காணாமல்போன தம்பியைத் தேடித் துப்பாக்கியோடு அலையும் ஒருவனின் கதை. அவனுடைய முகத்தைவிட முதுகைத்தான் அதிகம் பார்த்தோம். திரையில் அவன் போகுமிடமெல்லாம் நாங்களும் பின்னால் போனோம்.

"உந்தச் சுடுற சத்தம் என்ர வீட்டுக்குள்ள கேக்கப்படாது, சொல்லிப்போட்டன்" என்று அம்மா முதல்நாளே கத்தியதால், சத்தத்தை அடைத்துவிட்டு, கீழே ஓடும் ஆங்கில வரிகளை அகராதி பார்த்து வாசித்தபடிதான் விளையாடினோம். சுடுவதில் நான் படு மோசம். ஆனாலும் அவன் தம்பியைக் காண்பானா என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். தேங்காய் துருவியபடியே, "கண்டிட்டானே?" என்று கேட்பார். அம்மாவின் கடைசித் தம்பி, எங்கள் சின்ன மாமா, போரின் முடிவில் காணாமல்போனவர். "காணேல்லை எண்டு போய்ப் பதிஞ்சால், செத்திட்டான் எண்டு கடதாசி தந்திடுவாங்கள்" என்று பயந்து, அம்மா ஒரு அரசாங்கக் கந்தோர்ப் படியும் ஏறவில்லை.

பாதி வழியில் கதை நின்றுபோனது. பாதை உடைந்த பாலமொன்றில் முடிய, எங்கள் வீரன் மூன்று கிழமையாக அதே பாதையில் முன்னும் பின்னும் நடந்தான். "விளையாட்டு பழுது" என்று அண்ணன் தீர்ப்புச் சொல்லிவிட்டான். அப்போதுதான் உப்புக்குளத்திலிருந்து பெரியம்மாவின் மகள் ரெஜினாக்கா வந்தாள். வந்தவள் கணினியின் சுட்டியைப் பிடுங்கி, வீரனைச் சடாரென்று புல்லுக்குள் இறக்கினாள். நானும் அண்ணனும் ஒரே குரலில் "ஐயோ!" என்று அலறினோம்.

"என்னடி விசரே? உதுக்குள்ள ஆர் கண்ணிவெடி தாட்டது?" என்றாள் ரெஜினாக்கா என்னிடம்.

எங்களால் சிரிக்கவும் முடியவில்லை. மண்டையோடு கீறிய சிவப்புப் பலகைகளுக்கு நடுவே பள்ளிக்கூடம் போனவர்கள் நாங்கள். "தடத்தை விட்டு இறங்காதே" என்று ஊரே சொல்லிச் சொல்லி, திரையில் தெரிந்த புல்லில்கூட எங்களால் கால் வைக்க முடியவில்லை. புல்லுக்கு அப்பால் ஒரு வாசல் திறந்தே கிடந்தது.

அந்தக் கிழமையே கதை முடிந்தது. அவன் தம்பியைக் கண்டான், உயிரோடு. அம்மா தேங்காய்த் துருவல் ஒட்டிய கையோடு திரைக்கு முன்னால் நின்று அழுதார். "கதைதானே அம்மா" என்றான் அண்ணன். "ஓமடா, எனக்குத் தெரியாதே?" என்றவர், திங்கட்கிழமை காலை மாமாவின் படத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு மன்னாருக்கு பஸ் ஏறினார்.

இன்று அந்தக் கணினி இல்லை, சிவப்புப் பலகைகள் இல்லை. என் மகன் பந்துக்குப் பின்னால் பற்றைக்குள் பாயும்போது நான்தான் இன்னும் "இறங்காதே!" என்று அலறுகிறேன். மாமாவைப் பற்றி இன்னும் ஒரு பதிலும் இல்லை. போன மாதம் அம்மாவைக் கந்தோருக்குக் கூட்டிப்போனேன். புதிதாக வந்த எழுதுவினைஞர் தடித்த கோப்பைப் புரட்டிவிட்டு, "இவ்வளவு காலத்துக்குப் பிறகும் தேடுறீங்களோ அம்மா?" என்று மெல்லக் கேட்டார்.

"ஓம் மகன்," என்றபடி அம்மா கதிரையை இழுத்து வசதியாக உட்கார்ந்தார். "என்ர தம்பியை நான் தேடாமல் வேற ஆர் தேடுறது?"