வெம்பாக்கம் ரோட்டில் கிடந்த இடுக்கி

ரோட்டில் இரும்பு கிடந்தால் என் வண்டி தானாக நின்றுவிடும். ஆரணியிலிருந்து சுற்றுப்பட்டு ஊர்களுக்குப் பட்டு நூலும் ஜரிகையும் கொண்டுபோய்க் கொடுத்து, நெய்து முடித்த சேலைகளை வாங்கி வருவது என் பிழைப்பு. நாள் பூராவும் ரோட்டில்தான். லாரிக்காரன் தவறவிட்ட ஸ்பேனர், டிராக்டரிலிருந்து கழன்று விழுந்த கொக்கி, பாதி ஜாக்கி, எதற்கென்றே தெரியாத பல்சக்கரம் எல்லாம் என் வண்டியில் ஏறும். அக்கம்பக்கம் விசாரிப்பேன். யாரும் கேட்கவில்லை என்றால் வீட்டுக்கு வரும்.

“எங்கப்பன் என்னைக் காயலான் கடைக்காரனுக்கே குடுத்திருக்கலாம். அவனாவது வித்துத் துட்டு பாத்திருப்பான்” என்பாள் என் மனைவி. நான் விற்பதில்லை. ஒருத்தன் உட்கார்ந்து யோசித்துச் செய்த பொருள் சேற்றில் கிடப்பது எனக்குப் பொறுக்காது, அவ்வளவுதான்.

அப்படித்தான் வெம்பாக்கம் போகும் வழியில் ஒரு புளியமரத்தடியில் அந்த இடுக்கி கிடைத்தது. நீளமான இரண்டு கைப்பிடி, தலையில் அகன்ற மழுங்கிய வாய், நல்ல கனம். அடுத்த டீக்கடையில் என் போன் நம்பரைக் கொடுத்து, யாராவது தேடினால் கூப்பிடச் சொன்னேன். ஒருவரும் கூப்பிடவில்லை.

எங்கள் தெருவில் ஆளுக்கொரு அபிப்பிராயம். பவர்லூம் மெக்கானிக், “இது தறிச் சாமான்தாங்க, சந்தேகமே இல்ல” என்றார். ரைஸ்மில்லில் பாய்லர் பார்ப்பவர், “இன்னாய்யா பேசற, இது பைப்பை மடக்கறது” என்று சண்டைக்கு வந்தார். இருவரும் பேச்சுவார்த்தையை நிறுத்தும் அளவுக்குப் போய்விட்டது.

அதன் குணத்தைக் கண்டுபிடித்தது நான்தான். வெல்லத்தைத் துணியில் முடிந்து அதன் வாயில் வைத்து அழுத்தினால், துணி கிழியாது, வெல்லம் மட்டும் பொடிப்பொடியாகிவிடும். சுக்கும் அப்படியே. கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக நான் பொறுக்கி வந்த ஒரு பொருளை என் மனைவி சமையலறைக்குள் சேர்த்துக்கொண்டாள். எனக்குக் கர்வம் தாங்கவில்லை.

ஆயுத பூஜை வந்தது. வீட்டுத் தறியோடு என் இரும்புகளுக்கும் கூடத்தில் சந்தனம், குங்குமம், பூ. நடுநாயகமாக இடுக்கி. மறுநாள் விஜயதசமி, நல்ல நாள் என்று என் மகளைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

இதில் ஒரு ரகசியம் உண்டு. என் மகள் செய்யாறில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். பையனும் அங்கேதான். கம்பெனி பஸ்ஸில் பழக்கமாகி, கட்டினால் இவனைத்தான் என்று எங்களிடம் அழுது சொல்லியிருந்தாள். பையனின் அம்மாவுக்குக் காதல் என்ற வார்த்தையே ஆகாது. அதனால் தரகர் கொண்டுவந்த சம்பந்தம்போல ஜோடித்திருந்தோம். “வாயைத் திறந்து உங்க இரும்புப் புராணத்தை ஆரம்பிச்சீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்” என்று மனைவி எச்சரித்திருந்தாள்.

பையன், அவன் அம்மா, வெம்பாக்கத்தில் விவசாயம் பார்க்கும் தாய்மாமன், மூன்று பேரும் வந்தார்கள். சர்க்கரைப் பொங்கல் கொடுத்தோம். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. தாய்மாமன் பூஜைப் பக்கம் பார்த்தார்.

“இன்னாங்க அது? சந்தனம்லாம் வெச்சிகினு?”

கேட்டுவிட்டாரே! பெரிய மனுஷர் கேட்டுப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதையா? எழுந்துபோய் எடுத்து வந்தேன். அவர்கள் கொண்டுவந்த தட்டிலிருந்தே ஒரு வாழைப்பழத்தை எடுத்து இடுக்கியின் வாயில் வைத்து அழுத்திக் காட்டினேன்.

“இதுல இன்னா விசேஷம்னா, மேல தோல் கிழியாது பாருங்க. உள்ள இருக்கிறது மட்டும் நசுங்கிப்புடும்!”

தாய்மாமன் முகம் ஒரு மாதிரி போனது. “நசுங்கும்ங்க, நல்லாவே நசுங்கும். எங்க ஊரு மாட்டாஸ்பத்திரியில பாத்திருக்கேன். காளைக்குக் காயடிக்கிற இடுக்கிங்க இது.”

பையன் உட்கார்ந்தபடியே காலைச் சேர்த்துக்கொண்டான். நிலைமையைச் சமாளிக்க நினைத்த என் மனைவி, “ஐயோ, நாங்க அதுக்குலாம் வெச்சிக்கலீங்க, பொங்கலுக்கு வெல்லம் நசுக்கத்தான்” என்றாள்.

பையனின் அம்மா கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தார். “பொண்ணு பாக்க வர்ற வீட்டுல, சாமி படத்துக்கு முன்னால, இதுவா? சகுனம் சரியில்லண்ணா. வா, போலாம்.” எழுந்துவிட்டார். இடுக்கியை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

சமையலறை வாசலிலிருந்து என் மகள் வந்தாள்.

“ஆன்ட்டி, சகுனம் பாத்து இன்னா ஆவப்போவுது? நானும் அவரும் கம்பெனி பஸ்ல பேசிகினு வர்றது எத்தன நாளா! அவர் இல்லாம வேற யாரையும் கட்டிக்க மாட்டேன். எங்கப்பா இரும்பு பொறுக்கறதுக்கு நான் இன்னா பண்ணுவேன்?”

முடிந்தது கதை என்று நினைத்தேன். அந்த அம்மா மெதுவாக மகன் பக்கம் திரும்பினார்.

“பஸ்லயாடா?”

“ஆமாம்மா.”

“அப்ப நான் எதுக்குடா வெயில்ல பட்டுப்பொடவ கட்டிகினு வந்தேன்? ஏற்கெனவே பாத்து முடிச்சவள எனக்குக் காட்டறதுக்கா?” மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். “ஏங்க, அந்த இடுக்கிய இப்பிடிக் குடுங்க. யாருக்கு வேணும்னு இப்பத்தான் தெரியுது!”

முதலில் சிரித்தது தாய்மாமன்தான். துண்டால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. பிறகு என் மனைவி சிரித்தாள், மகள் அழுதுகொண்டே சிரித்தாள். அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவர் மகனையே முறைத்தபடி இருந்தார். ஆனால் அந்தக் கோபத்தில் சகுனம் மறந்துபோயிருந்தது. பழையபடி நாற்காலியில் உட்கார்ந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

“பசிக்குது. சோறு ஆக்கியிருக்கீங்களா, இல்லியா?”

எங்கள் ஊர்ப் பக்கம், சம்பந்தம் பிடிக்காதவர்கள் பெண் வீட்டுச் சோற்றில் கை நனைக்கமாட்டார்கள். இவரோ சோறு கேட்கிறார்! பொங்கலும் காபியுமாகப் போய்விடுவார்கள் என்று எண்ணி நாங்கள் உலையே வைத்திருக்கவில்லை. என் மகள் உள்ளே ஓடி அரிசியை அளந்து களைய ஆரம்பித்தாள். அந்த அம்மா எழுந்துபோய் அவள் பக்கத்தில் நின்று பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

“இன்னும் ரெண்டு பிடி போடும்மா. எங்கண்ணன் நல்லா சாப்புடுவாரு.”