மச்சானிடம் மறுத்துப் பழகியது

மாமனாரின் கருமாதிக்கு நான்கு நாள் இருந்தபோது, என் குடியை நிறுத்துவதற்காக வாரந்தோறும் நான் பார்க்கும் ஆலோசகரிடம் போனேன். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பஸ். பத்தேகாலுக்கு உள்ளே கூப்பிட்டார். குடிக்காமல் அன்று எழுபத்தொன்றாம் நாள்.

எங்கள் பக்கம் கருமாதிச் சாப்பாட்டுக்கு முன் மாமன் மச்சான்கள் தனியே உட்கார்ந்து குடிப்பார்கள். மூத்த மருமகன் முதலில் டம்ளரை எடுக்க வேண்டும்; இந்த வீட்டில் அது நான். இதற்கு முன் இரண்டு தடவை குடியை விட்டு, இரண்டு தடவையும் இப்படியொரு சாப்பாட்டில்தான் மறுபடி தொடங்கினேன். இன்னொரு தடவை நடந்தால் மகளைக் கூட்டிக்கொண்டு தனியாகப் போய்விடுவதாக மனைவி சொல்லியிருந்தாள். கோபப்படாமல் சொன்னதால் நம்பினேன்.

குடிக்கத் தோன்றும் நேரம், இடம், அந்த ஆசை பத்துக்கு எத்தனை என்று நோட்டில் குறித்துவரச் சொல்லியிருந்தார் ஆலோசகர். நான் கூடுதலாக, கருமாதியில் சொல்வதற்கென்று பதினொரு காரணங்களையும் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அவர் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். நோட்டைப் படித்துவிட்டு டீ குடித்த பேப்பர் கப்பை என் முன்னால் நீட்டினார். இப்போது அவர்தான் என் மச்சானாம்.

வயிற்றுப்புண் என்றேன்.

"ஒரே ஒரு மூடி மாமா. புண்ணுக்கு அது தெரியவா போவுது?"

மாலை போட்டிருக்கிறேன் என்றேன். கழுத்தில் காணோமே என்றார். ஐந்து நிமிடத்தில் பதினொன்றும் போயிற்று. காரணம் சொன்னால் அதற்குப் பதில் சொல்ல இடம் கொடுக்கிறீர்கள், முகத்தைப் பார்த்து ஒரே வாக்கியத்தைச் சொல்லுங்கள் என்றார். ஒன்பது முறை சொல்லிப் பார்த்தேன். முதல் நான்கும் அனுமதி கேட்பது போலிருந்தன.

கருமாதி நெல்லிக்குப்பத்தில், மாமனார் வீட்டில். மனைவியின் தம்பி ஊற்றி நீட்டினான். அத்தனை பழகியும் என் வாயில் வந்தது, "மாத்திர சாப்புடறேன் மச்சான்."

"நாளிக்கி போட்டுக்க மாமா. அப்பாவுக்காக ஒரு வாய்."

இதை யாரும் பழக்கித் தரவில்லை. மாமனார் என்னை ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை. கை டம்ளர்வரை போய்விட்டது. கையை மடியில் வைத்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தேன்.

"வேணாம் மச்சான். நான் குடிக்கறதில்ல."

அக்காகிட்ட பர்மிசன் சீட்டு வாங்கினு வரணுமா என்று ஒரு பங்காளி கேட்டார். சிரித்தார்கள். அதையே மறுபடி சொன்னேன். மூன்றாம் முறை சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. யாரும் குடிக்கவும் இல்லை. நான் எடுக்காததால் வழக்கம் என்னிடம் நின்றுகொண்டிருந்தது.

மச்சான் அந்த டம்ளரைத் தானே எடுத்துக் குடித்தான். சட்டைப் பையிலிருந்து வேன் சாவியை எடுத்து என் மடியில் போட்டான்.

"அப்ப பண்ருட்டி ஆளுங்கள நீதான் கொண்டும்போய் உடணும். இங்க வேற எவனும் ஓட்டற நெலமையில இருக்கமாட்டான்."

மூன்று நாற்பதுக்கு வண்டியை எடுத்தேன். ஒன்பது பேர். நான் கூப்பிடவில்லை, மகளைப் பின்னால் ஏற்றிவிட்டு, மனைவி முன் சீட்டில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.