மகள் வரைந்த ஆறு

மாலை நாலு நாற்பதுக்குத் தருமபுரிப் பேருந்து காரிமங்கலத்தில் வந்து நின்றது. கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் இறங்கினார்கள். ஹாஸ்டலை விட்டு இந்த வருடம்தான் வீட்டிலிருந்து போய்வரும் என் மகள் இறங்கவில்லை. எங்கள் தெருப் பெண் ஒருத்தி என்னைப் பார்த்துத் தயங்கினாள்.

“அக்கா மத்தியானமே பென்னாகரம் பஸ்ல ஏறிட்டாங்க ஆண்ட்டி. ஒகேனக்கல் போறேன்னாங்க.”

“யாரோட?”

“தனியாத்தாங்க.”

மகளின் போன் அணைந்திருந்தது. வீட்டுக்கு ஓடிவந்தேன். அவள் எங்கே போனாலும் பையில் வைத்திருக்கும் கோடு போடாத நோட்டு அன்று மேசைமேல் கிடந்தது.

அவள் படங்களாலேயே கதை சொல்கிறவள். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறேன், நாவல்களோடு வளர்ந்தவள். படக்கதை என்றால் எழுத்துக் கூட்டத் தெரியாத வயதுக்கானது என்று நினைத்திருந்தேன். “கதை சொல்லணும்னா எழுதேன், எதுக்கு இந்தப் பொம்மையெல்லாம்?” என்று ஒருமுறை கேட்டேன். “எழுதுனா நீ செவப்புப் பேனாவோட வந்துருவ” என்று சிரித்தாள். அதன்பிறகு அந்த நோட்டை நான் தொட்டதில்லை.

அன்று திறந்தேன். முதல் சில பக்கங்களில் பாடக்குறிப்பு. பிறகு வெற்றுத் தாள்கள். பிறகு, பக்கம் முழுக்க ஒரே படம்: ஆற்றுப் பாறைமேல் ஒரு பெண். மெல்லிய கோடுகள், நிறைய வெள்ளை. அடுத்த பக்கத்தில் இரண்டு கட்டங்கள், தண்ணீர் முழங்கால்வரை. அதற்கடுத்து நான்கு கட்டங்கள், இடுப்புவரை. கோடுகள் தடித்துக்கொண்டே வந்தன. பிறகு ஒன்பது சிறு கட்டங்களில் கழுத்து, வாய், கண். வாயருகே பேச்சுக் குமிழ்கள்; உள்ளே ஒரு சொல்கூட இல்லை. பிறகு கூந்தல் மட்டும். கடைசித் தாள் முழுக்கக் கருப்பு மை. பேனா அழுத்தியதில் ஓரிடத்தில் கிழிந்திருந்தது.

சொற்களாக இருந்திருந்தால் ஒரு வரியைத் தாண்டிப் போயிருப்பேன். படத்தைத் தாண்ட முடியவில்லை. கட்டங்கள் சுருங்கச் சுருங்க எனக்கு மூச்சு முட்டியது.

கிருஷ்ணகிரியில் வேலையிலிருந்த கணவரை அழைத்தேன்.

“வெறும் படந்தான? அதுக்குப் போயி…” என்றார்.

“படத்துல ஒரு பொண்ணு ஆத்துக்குள்ள எறங்குறாங்க. கடைசியில ஆளே இல்லீங்க.”

அவர் சாவியை எடுக்கும் சத்தம் கேட்டது. “நான் பைக்க எடுத்துட்டு நேரா பென்னாகரம் போறேன். நீ வூட்ட விட்டு நகராத. அவ வந்தா வூட்ல ஆளு இருக்கணும்.”

நான் நகரவில்லை. வாசல் விளக்கைப் போட்டுவிட்டு நோட்டை மறுபடி மறுபடி புரட்டினேன். ஒவ்வொரு முறையும் அவள் இறங்கினாள். ஒவ்வொரு முறையும் அந்தக் கருப்பில் போய் முடிந்தது.

ஏழு பத்துக்குக் கதவு தட்டும் சத்தம். அவள்தான் நின்றாள். கையில் ஒரு புது நோட்டு, கால்சட்டையில் கணுக்கால்வரை ஈரம்.

“சார்ஜ் போயிருச்சும்மா. பரிசல் வரையப் போனேன். பழைய நோட்டுல கதை முடிஞ்சுதுன்னு…” என்றவள் மேசையைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

கணவருக்குப் போனில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, கருப்புத் தாளைக் காட்டினேன். “இப்படித்தான் முடியுதா?”

“தலைகீழா படிச்சிருக்கியேம்மா. முன்பக்கம் பாடத்துக்கு, கிறுக்கறதெல்லாம் கடைசித் தாளுலன்னு சின்னதுலருந்து நீதான சொல்லுவ? அங்கிருந்துதான் ஆரம்பிச்சேன். பாரு, அவ முங்கல. வெளிய வர்றா.”

பின்னாலிருந்து ஒவ்வொரு தாளாகத் திருப்பினாள். கூந்தல், கண், வாய், தோள். கட்டங்கள் அகன்றன. கோடுகள் மெலிந்தன. பாறைமேல் அவள் ஏறி நின்றபோதுதான் நான் உட்கார்ந்தேன்.

ஆனாலும் விரல் அந்தக் கிழிசலுக்கே போனது. “அப்ப இது?”

அவள் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது.

“அதுதாம்மா மொதப் பக்கம். போன வருசம் ஹாஸ்டல்ல வரஞ்சது. நீ டெய்லி போன் பண்ணி சாப்ட்டியான்னு கேப்பியே, அப்ப.”