நாம மட்டும் போன ஞாயிற்றுக்கிழமை

போன வாரம் துணி காயப்போடக் கயிறு வாங்கலாம் என்று ஓசூரில் ஒரு கடைக்குள் போனேன். புதுக் கயிற்றுக் கட்டுகளின் வாசனை மூக்கில் ஏறியதும் எதற்கு வந்தேன் என்பதே மறந்துபோயிற்று. அதுதான் எங்கள் அத்தாவின் வாசனை. அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாட்டுக் கயிறும் தார்ப்பாயும் விற்றவர். அவர் சட்டை, அவர் வேன், அந்த வேனில் பள்ளிக்கூடம் போன என் சீருடை, எல்லாமே கயிறு மணக்கும். வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவள் மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

அத்தாவுக்கு வீடு என்றால் ஆகாது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டு மனுஷர்கள் என்றால் உயிர், சுவர்தான் ஆகாது. "நாலு செவுத்துக்குள்ள சோறு எறங்குமா?" என்பார். ஞாயிறு வந்தால் எங்களை வேனில் ஏற்றிக்கொண்டு ஏதாவது ஒரு ஏரிக்கரைக்குக் கிளம்பிவிடுவார். அம்மா குஸ்கா அண்டாவோடும் கறிக்குழம்போடும் பின்னால் ஏறுவார். ஆகா, என்ன கொடுத்துவைத்த குடும்பம் என்று நினைப்பீர்கள். இருங்கள்.

நாங்கள் இருந்த மூக்கண்டப்பள்ளியில் அப்போது ஞாயிற்றுக்கிழமை மெஸ்களுக்கு லீவு. கம்பெனி வேலைக்கு வந்த திருநெல்வேலி, தஞ்சாவூர்ப் பையன்கள் பன்னும் டீயுமாக டீக்கடை பெஞ்சில் காய்ந்துகொண்டிருப்பார்கள். அத்தாவுக்கு அது பொறுக்காது. வேனை நிறுத்திக் கையைத் தட்டுவார். "ஏறுங்கப்பா, எடம் கீது!" இடம் எங்கே இருக்கும்? என் மடியில்தான் இருக்கும்.

"வாராவாரம் வாரோம் பாய், கூச்சமா இருக்கு" என்பான் ஒருவன்.

"கூச்சத்த அங்கியே எறக்கி வெச்சிட்டு ஏறு."

ஏரிக்கரையில் அவரைச் சுற்றி ஒரே கூட்டம். பையன்களோடு நீந்துவார். குழம்பில் துழாவித் துழாவி அவர்கள் தட்டில் கறி வைப்பார். நான் ஓரமாக மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்த வித்தையில் நான் கெட்டிக்காரி. ஊருக்கெல்லாம் அத்தாவின் முகம், எனக்கு மட்டும் முதுகா என்று பொருமுவேன்.

பத்தாவது பாஸானபோது, "என்னா வேணும், கேளும்மா" என்றார். வாட்ச் கேட்பேன் என்று அண்ணன் பந்தயமே கட்டியிருந்தான்.

"ஒரு ஞாயித்துக்கெழம. நாம மட்டும்" என்றேன்.

அத்தா தோள்துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார். பிறகு, "சரிம்மா" என்றார்.

சொன்ன சொல் தவறவில்லை மனிதர். டீக்கடைப் பக்கமே தலைகாட்டாமல் சந்து சந்தாகச் சுற்றி வேனை ஹைவேயில் ஏற்றினார். குருபரப்பள்ளி தாண்டி ஓர் ஏரிக்கரை. எனக்காக நாவல் மரத்தில் ஏறிக் கிளையை உலுக்கினார். என்னோடு போட்டி போட்டுத் தண்ணீரில் ஓட்டாஞ்சில்லு விட்டார். என் வகுப்புச் சண்டைகளையெல்லாம் உம் கொட்டிக் கேட்டார். அடடா, அந்தக் காலை நேரம்! எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

சாப்பிட உட்கார்ந்தோம். அத்தா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"ஏங்க, உப்பு கிப்பு பத்தலியா?" என்றார் அம்மா.

"சேச்சே, நல்லாத்தான் கீது."

கரைமேல் ஒருவர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார். அத்தா அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மிட்டாய்க் கடை முன்னால் நிற்கும் பிள்ளை அம்மாவைப் பார்க்குமே, அப்படி. எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

"கூப்புடுங்கத்தா" என்றேன்.

நான் வாயை மூடுவதற்குள் எழுந்து ஓடினார். "ரா அன்னா, தினி போதுவு!" என்று, வந்து சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லித் தெலுங்கில் ஒரே கூப்பாடு. ஆட்டுக்காரர் வந்து உட்கார்ந்த பிறகுதான் அத்தா முதல் வாய் சோற்றை விழுங்கினார்.

அப்புறம் அவர் எனக்கே எனக்கென்று கிடைத்தது பல வருஷம் கழித்து ஆஸ்பத்திரியில்தான். அண்ணன் தனி ரூம் எடுத்திருந்தான். ஏசி, திறக்க முடியாத ஜன்னல். நானும் அவரும் மட்டும். நான் ஊட்டிய கஞ்சி ஒரு ஸ்பூன்கூட இறங்கவில்லை. அவர் கண்ணெல்லாம் கதவிலேயே இருந்தது. எனக்குத் தாங்கவில்லை. எழுந்து வெளியே போனேன். யாருக்கோ துணைக்கு வந்த ஒரு பையன் மாடிப்படியில் உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான். "தம்பி, உள்ள வந்து ஒக்காந்து சாப்புடுப்பா" என்று கையைப் பிடித்து இழுத்துவந்தேன். பாவம், எனக்குப் பைத்தியம் என்றே நினைத்திருப்பான்.

அவன் சாப்பிடுவதை அத்தா பார்த்துக்கொண்டே இருந்தார். மெல்ல வாயைத் திறந்தார். ஊட்டினேன். இறங்கியது.

"அவனுக்கு சட்னி பத்தல பாரும்மா" என்றார்.

அடுத்த வாரம் போய்விட்டார்.

இப்போது மெஸ்களுக்கு ஞாயிறு லீவு கிடையாது. போனில் சொன்னால் அறை வாசலுக்கே சாப்பாடு வருகிறது. நல்லதுதான், பையன்கள் பசியாறட்டும். ஞாயிறானால் நாங்களும் சாப்பாடு கட்டிக்கொண்டு காரில் கிளம்புகிறோம், நான், வீட்டுக்காரர், பிள்ளைகள் இரண்டு பேர். மேம்பாலத்தில் ஏறினால் இறங்கும்வரை வழியில் ஒரு மனுஷ முகம் கிடையாது. இந்த வாரம் எல்லோரும் சாப்பிட்ட பிறகும் பாதிச் சோறு அப்படியே இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து பிரிட்ஜில் வைத்தேன். அத்தா இருந்தவரை எங்கள் சோறு வீடு திரும்பி நான் பார்த்ததே இல்லை.