க்நீ அக்கா

மருத்துவப் பாடநூல்கள் அச்சாகும் அச்சகத்தில் அவருக்கு மெய்ப்புத் திருத்தும் வேலை. பதினொரு வருடம் தமிழ்ப் பிரிவில் இருந்தவர், ஆங்கிலப் பிரிவில் இடம் காலியானதும் விண்ணப்பித்தார். நேர்காணலில் மேலாளர் ஒரு பக்கத்தை நீட்டி வாசிக்கச் சொன்னார். முழங்காலுக்கான ஆங்கிலச் சொல்லை, முதலில் நிற்கும் 'கே'யை விடாமல், "க்நீ" என்று படித்தார்.

"நீ" என்று திருத்தினார் மேலாளர்.

"நானா சார்?"

அறையே சிரித்தது. வேலை வேறொருவருக்குப் போனது. அன்று முதல் அச்சகம் முழுக்க அவர் 'க்நீ அக்கா'.

"விடு, ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கு?" என்றார் கணவர். அக்காவுக்கு விட மனமில்லை. ஒலியே இல்லாத எழுத்து எதற்குத் தண்டத்துக்கு நிற்கிறது? மதிய இடைவேளைகளில் சாப்பாட்டு டப்பாவோடு புத்தக அறைக்குப் போய், ஆங்கில மொழியின் வரலாற்றைப் புரட்டினார். ஒரு காலத்தில் ஆங்கிலேயர்களே அந்த 'க்'கை வாய் நிறையச் சொல்லியிருக்கிறார்கள். அச்சு வந்து எழுத்தை மெல்ல மெல்ல ஆணியடித்து நிறுத்தியது. நாக்கு மட்டும் தன்பாட்டுக்கு நடந்துகொண்டே இருந்தது.

இரண்டு வருடம் கழித்து மறுபடி இடம் காலியானது. அதே அறை, அதே மேலாளர்.

"இப்பவாவது 'நீ' வருமா?"

"வரும் சார். ஆனா அன்னைக்கு நான் சொன்னது தப்பில்ல. நானூறு வருஷம் லேட்டாச் சொல்லிட்டேன், அவ்வளவுதான்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"தீவுக்கு 'ஐலண்ட்'னு எழுதுறோமே, அதுல நடுவுல சத்தமே இல்லாம ஒரு எஸ் இருக்கு. ஆதியில கிடையாது. வேற வார்த்தையோட குழப்பிக்கிட்டுப் படிச்சவங்க சொருகினது. அவங்க பண்ணினா ஸ்பெல்லிங், நான் பண்ணினா தப்பா?"

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உச்சரிப்பு வகுப்புக்குப் போறேன்னு எழுதிக் கொடுங்க, பார்க்கலாம்."

"மாட்டேன் சார். நான் திருத்தப்போறது தாளை. தாளைக் கொடுங்க."

கொடுத்தார். வேண்டுமென்றே பிழைகளை விதைத்த நான்கு பக்கம். முப்பது பிழை என்றது விடைக்குறிப்பு. அக்கா முப்பத்திரண்டு வட்டம் போட்டிருந்தார். மிச்ச இரண்டையும் மேலாளர் அகராதி வைத்துத் தானே சரிபார்த்தார். இரண்டும் மேலாளரே சொந்தமாக எழுதிச் சேர்த்த பத்தியில் இருந்தன.

திங்கட்கிழமை அக்கா ஆங்கிலப் பிரிவில் உட்கார்ந்தார். உச்சரிப்பு வகுப்புக்கு இன்றுவரை போகவில்லை. மேலாளர் எதை எழுதினாலும் முதலில் அக்கா மேசைக்குத்தான் அனுப்புகிறார்.