மருதோண்டிக் கை பதித்த பெருநாள் கார்ட்

மருதோண்டியில் யூக்கலிப்டஸ் தைலம் விட்டுக் குழைக்கும்போது ஒரு வாசம் வரும்... மூக்கில் சுர்ரென்று ஏறும். எங்கள் சாய்ந்தமருதுப் பக்கம் அந்த வாசம் வந்தால் விடிந்தால் பெருநாள் என்று அர்த்தம்.

ஒரு வருஷம் எங்கள் வீட்டில் மட்டும் நோன்பு பிறப்பதற்கு முன்பே அது மணத்தது. அக்கம்பக்கமே சிரித்தது. சிரிக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

உம்மா சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனபோது தம்பி ரிஸ்வான் தவழ்கிற பிள்ளை. வாப்பா கடலுக்குப் போய்விடுவார். எங்களை வளர்த்தது சாச்சி, உம்மாவின் தங்கை. தம்பி பேசத் தொடங்கியதும் சாச்சியைத்தான் "உம்மா" என்றான். "நான் சாச்சிடா கிளி" என்று அவர் ஒவ்வொரு தடவையும் திருத்துவார். அவன் கேட்டால்தானே!

பெருநாளுக்கு உம்மாவுக்குக் கார்ட் அனுப்புவோம். கல்முனை பஸாரில் வாங்கியது. மினாரா, ரோசாப்பூ, மேலே மினுமினுப்புத் தூள். உள்ளே அச்சடித்த வாழ்த்து, கீழே எங்கள் பெயர்கள். அப்போது வீட்டில் போன் இல்லை; கொமினிகேஷன் கடைப் போனுக்குத்தான் உம்மாவின் கோல் வரும்.

"கார்ட் கிடச்சிச்சா உம்மா?"

"ஓம் மகள், வடிவா இரிந்திச்சு."

அவ்வளவுதான்.

பிறகு ஒருநாள், லீவில் ஊர் வந்த ஒரு பெண்ணிடம் உம்மா தம்பிக்குச் சேர்ட் கொடுத்தனுப்பியிருந்தார். போட்டுப் பார்த்தால் கழுத்துக்குள் தலையே நுழையவில்லை. அவன் கத்துகிறான், சாச்சி இழுக்கிறார்... அடுத்த கோலில் உம்மா கேட்டார், "சின்னவனுக்குச் சேர்ட் அளவா?"

"ஓம் ஓம், அளவெடுத்துத் தச்ச மாதிரி இரிக்கி" என்றார் வாப்பா.

எனக்கு வந்ததே ஆத்திரம்! உம்மாவின் மனதில் அவன் இன்னும் தவழ்ந்துகொண்டுதான் இருந்தான். அவனுக்கோ உம்மா என்பது போனுக்குள் அழுகிற யாரோ. ரிசீவரைக் காட்டினாலே ஓடிவிடுவான். இப்படியே விட்டால் உம்மா திரும்பி வரும்போது அவன் அவருடைய பிள்ளையாக இருக்க மாட்டான் என்று பயம் பிடித்துக்கொண்டது. போட்டோ அனுப்பினோம்தான். போட்டோவில் பிள்ளையின் அளவு தெரியுமா?

முடிவெடுத்தேன். கடைக் கார்ட் வேண்டாம். பிரிஸ்டல் போர்ட் அட்டையை மடித்து நானே செய்வேன். தம்பியின் கையில் மருதோண்டி பூசி அப்படியே பதிப்பேன். பெருநாளுக்குள் சவூதியில் கிடைக்க வேண்டுமென்றால் நோன்புக்கு முதலே போஸ்ட் பண்ண வேண்டும். அதனால்தான் அந்த நேரங்கெட்ட மருதோண்டி.

பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "என்ன புள்ள, நோம்பே வரல்ல. உங்கட ஊட்டுக்கு மட்டும் பெருநாள் பிறை தெரிஞ்சிட்டா?"

"ஓம் மாமி, கூரைக்கு மேல நிக்கிது. வந்து பாருங்க."

முதல் கார்ட் பாழ். நிறம் ஏறட்டும் என்ற ஆசையில், கைக்குப் பூசுவதுபோலவே தைலத்தைத் தாராளமாக விட்டுவிட்டேன். காகிதம் எண்ணெயைக் குடித்து ஐந்து விரலும் ஒன்றாகிவிட்டது. சாச்சி தூக்கிப் பார்த்தார். "இது கையாடி? மாட்டு ஈரல் மாதிரி இரிக்கி!"

விடவில்லை. இரண்டாம் தடவை தைலமே இல்லாமல், வெறும் தேயிலைச் சாயத்தில் குழைத்தேன். ஆனால் தம்பி கை தர மாட்டேன் என்று கொய்யா மரத்தில் ஏறிவிட்டான்.

"இறங்குடா, ஐஸ்பழம் வாங்கித் தாறன்."

"இது ஆருக்கு?"

"உம்மாக்கு."

"உம்மா குசினிக்குள்ளதானே இரிக்கா."

குசினியில் சட்டி உரசிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. சாச்சியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"அது சாச்சி. உன்னப் பெத்த உம்மா சவூதியில. நீ எவ்வளவு பெரிய ஆள் எண்டு அவவுக்குத் தெரியா. காட்டுவமா?"

பெரிய ஆள் என்றதும் இறங்கி வந்தான்.

பதித்தோம். காயும்வரை பக்கத்திலேயே இருந்து ஈ விரட்டினேன். "தம்பியின் கை, சரியான அளவு" என்று கீழே எழுதினேன்.

பெருநாளன்று கோல் வந்தது. உம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, "அவனக் குடு மகள்" என்றார். தம்பி ஓடவில்லை. ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்தான்.

"என்ட கையப் பாத்தீங்களா? பெருசுதானே?"

அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. அவன்தான் திரும்பி, ஏதோ பெரிய செய்தி மாதிரி அறிவித்தான்: "உம்மா அவட கைய என்ட கைக்கு மேல வச்சிப் பாத்தாவாம்."

அவன் தன் வாயால் அவரை உம்மா என்றது அன்றுதான் முதல் தடவை. சாச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அதற்குப் பிறகு உம்மா ஊர் வரும்வரை பெருநாள் தவறாமல் கை போனது. சேர்ட்டுகளும் அளவாக வந்தன.

இப்போது ரிஸ்வான் கட்டாரில் வேலை செய்கிறான். பெருநாளுக்கு என் போன் நிறைய வாழ்த்து வரும். எல்லாவற்றிலும் ஒரே பிறை, ஒரே விளக்கு... யாரோ யாருக்கோ அனுப்பியது. குறை சொல்லவில்லை. அன்று ஒரு குரலுக்காகக் கடை வாசலில் காத்துக்கிடந்தோம். இன்று தினமும் முகம் பார்க்கிறோம்.

"டெய்லி வீடியோவில பாக்கிறன்தானே ராத்தா, கார்ட் என்னத்துக்கு?" என்பான். நானும் சரி என்று விட்டிருந்தேன்.

போன கிழமை அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே லைன் அறுந்துவிட்டது. இங்கே எங்களோடு இருக்கும் அவனுடைய மகள் ஹனா, இப்போதுதான் நேர்சரி போகிறாள், கறுத்துப்போன போனைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்:

"மாமி, வாப்பாக்குச் சார்ஜ் முடிஞ்சிட்டா?"

இன்று காலையில் ஹனாவின் கைக்கு மருதோண்டி பறித்து வைத்துவிட்டேன். நோன்புக்கு இன்னும் நாளிருக்கிறது. யார் சிரித்தாலும் பரவாயில்லை.

ரிஸ்வான், இதைப் படித்தால் உன் அட்ரஸை ஒழுங்காக அனுப்பு. போன் நம்பர் இல்லைடா... நீ இருக்கிற இடம்.